வழுவும் வழுவமைதியும்: விரைவோட்டக் கலை குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு கலையின் தரத்தை ஆராயப் புகுவோன், முதற்கண் அக்கலைக்குரிய பிழை யாது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். யாப்பறியாதவன் தளை தட்டுதலைக் காணான். இசையறியாதவன் அபசுரத்தை உணரான். பிழை இன்னதென வரையறுக்கப்படாத இடத்தில் சிறப்பும் இன்னதென வரையறுக்கப்படுவதில்லை. இவ்வுண்மை பழங்கலைகளுக்கு மட்டுமே உரியதன்று. நம் மாணவர்கள் நாள்தோறும் ஈடுபடும் காணொளி விளையாட்டுகளுக்கும் பொருந்துவதாகும்.

அவ்விளையாட்டுகளிலிருந்து கிளைத்த கலை ஒன்று உண்டு. ஒரு விளையாட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை இயன்ற அளவு குறைந்த நேரத்தில் ஆடி முடிப்பதே அக்கலை. ஆங்கிலத்தில் 'ஸ்பீட்ரன்' என வழங்கும் இதனை ஈண்டு விரைவோட்டம் எனக் குறிப்போம். இதனைப் பயில்வோரிடையே நெடுநாளாகத் தீராதிருக்கும் வினா ஒன்றே: 'கிளிட்ச்' எனப்படும் வழு எது? வழுவன்றி ஆட்டத்தின் இயல்பாகவே கொள்ளத்தக்கது எது?

விளையாட்டின் பிழைக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். வழு என்பது ஒரு பொருளில் தானாகவே கிடக்கும் குணமா, அன்றி அதனை நோக்குவோர் வகுக்கும் வரையறையா என்னும் கேள்வி, இலக்கணம் கற்பிப்போர்க்கும் திறனாய்வு பயில்வோர்க்கும் புதியதன்று. அப்பழைய கேள்வி இப்புதிய களத்தில் எவ்வாறு உருவெடுத்துள்ளது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரைவோட்டத்தின் இயல்பு

1993ஆம் ஆண்டு வெளிவந்த 'டூம்' என்னும் விளையாட்டு, ஆடுவோனின் ஒவ்வோர் அசைவையும் கோப்பாகப் பதிந்து வைக்கும் வசதியைக் கொண்டிருந்தது. ஒருவர் ஆடியதை மற்றொருவர் தம் கணினியில் மீண்டும் ஓட்டிப் பார்க்க முடிந்தமையால், நேரங்களை ஒப்பிடும் போட்டி வேரூன்றியது. இன்று பெரும்பாலும் காணொளிப் பதிவே சான்றாகக் கொள்ளப்படுகிறது.

இக்கலையின் நுண்மையை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1985இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 32 கட்டங்களைக் கொண்டது. ஆக்கியோர் அமைத்த குறுக்குவழிகளைக் கையாண்டால் அவற்றுள் 8 கட்டங்களை மட்டும் ஆடி முடிவை எட்டலாம். இந்த ஓட்டம் 5 நிமிடத்திற்கும் குறைவானது. அவ்விளையாட்டு விநாடிக்கு ஏறத்தாழ 60 படச்சட்டங்களைத் திரையில் காட்டுகிறது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதை 21 படச்சட்டங்களுக்கு ஒருமுறையே சரிபார்க்கிறது. அதாவது, ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கினும் சற்று மிகுதியான அளவில்தான் ஒரு கட்டத்தில் நேரத்தைக் குறைக்க இயலும். 4 நிமிடம் 55 விநாடி என்னும் எல்லை 2021ஆம் ஆண்டில்தான் முதன்முறையாகக் கடக்கப்பட்டது. விளையாட்டு வெளிவந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னர் என்பது கருதத்தக்கது.

விநாடியின் ஒரு பகுதிக்காகப் பல்லாயிரம் முறை ஒரே கட்டத்தைப் பயில்வோர் உளர். அத்தகையோர் ஒருவரின் சாதனையை, 'நீ கையாண்டது வழு. ஆகவே செல்லாது' என்று ஒரு சொல்லால் தள்ளிவிட இயலும். அச்சொல்லுக்குத் திட்டமான பொருள் இல்லையெனின், ஆண்டுக்கணக்கான உழைப்பு பிறர் விருப்பத்திற்கு ஆட்பட்டதாகிவிடும். இந்த நேர்மைக் கேள்வியே வழு பற்றிய ஆராய்ச்சிக்கு உயிராக நிற்கிறது.

பொறி பிழை செய்வதில்லை

வழுவுக்குப் பலரும் எளிதிற் கூறும் விளக்கம், 'பொறி தவறிவிடுவதே வழு' என்பதாம். இஃது ஆராய்ச்சிக்கு நில்லாது.

மாரியோ ஆட்டத்தின் நான்காம் உலகில் இரண்டாம் கட்டத்தை நோக்குவோம். அங்கே மறைந்திருக்கும் கொடி ஒன்றில் ஏறினால் எட்டாம் உலகிற்குச் செல்லும் குறுக்குவழியை அடையலாம். ஆயின் கொடியேறுதற்கு நேரம் செல்லும். சற்று அப்பால் உள்ள குழாய் ஒன்று, காசுகள் நிறைந்த அறைக்குக் கொண்டு செல்வது. அடுத்துச் செல்லவேண்டிய இடத்தை விளையாட்டு ஒரே நினைவிடத்தில் குறித்து வைக்கிறது. திரை நகர நகர அக்குறிப்பு மாறுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் மாரியோவைத் திரையின் வழக்கமான இடத்தைவிடச் சற்று வலப்புறம் தள்ளி நிறுத்துகிறார். அதனால் குழாய்க்குரிய குறிப்பு எழுதப்படுமுன்னரே அவர் குழாயை அடைந்துவிடுகிறார். நினைவிடத்தில் இருப்பதோ கொடிக்குரிய பழைய குறிப்பு. குழாயில் இறங்கியவர் காசறைக்குச் செல்லாமல் குறுக்குவழிக்கே சென்று சேர்கிறார்.

இங்கே பொறி எங்குத் தவறியது? நினைவிடத்தில் எழுதியிருந்த இடத்திற்கு அனுப்புக என்பது ஆணை, அவ்வாறே அனுப்பிற்று. 1996இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ 64' என்பதிலும் இத்தகையது ஒன்றுண்டு. நெடுந்தாண்டல் ஒவ்வொன்றிலும் மாரியோவின் வேகம் ஒன்றரை மடங்காகிறது. முன்னோக்கிய வேகத்திற்கு உச்ச வரம்பு வைத்தனர். பின்னோக்கிய வேகத்திற்கு வைத்திலர். ஆகவே படிக்கட்டில் முதுகு காட்டியவாறு அடுத்தடுத்துத் தாண்டினால் வேகம் அளவின்றிப் பெருகி, அடைத்த கதவுகளையும் ஊடுருவிச் செல்ல முடிகிறது. இங்கும் எழுதிய கணக்கைப் பொறி வழுவாமல் செய்தது.

ஆகவே பொறியின் பக்கம் நின்று நோக்கின் வழு என்பதே இல்லை. எழுதப்பட்ட நிரலின்படி நிகழ்வன யாவும் பொறிக்கு ஒரு தன்மையனவே. இவ்விளக்கத்தை ஏற்றால் எல்லாம் இயல்பாகிவிடும். வழு என்னும் சொல்லே வேண்டாததாகிவிடும்.

ஆக்கியோன் கருத்து அளவுகோலாகுமா?

அடுத்துக் கூறப்படுவது, 'ஆக்கியோன் கருதாதது எதுவோ அதுவே வழு' என்னும் விளக்கம். இலக்கியத் திறனாய்வில் நூலாசிரியன் உள்ளக்கிடக்கையே பொருளுக்கு முடிந்த சான்று என்பாரின் கொள்கையை இஃது ஒத்தது. கேட்ட மாத்திரத்தில் ஏற்கத்தக்கதாகத் தோன்றினும், இதற்குத் தடைகள் மூன்று உள.

முதலாவது, ஆக்கியோன் கருத்தைத் தோற்றத்தைக் கொண்டு அறிதல் அரிது. மாரியோ ஆட்டத்தின் மூன்றாம் உலகில் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையின் மீது இடைவிடாது குதித்து உயிர்களைப் பெருக்கிக்கொள்ளலாம். காண்போர் அனைவரும் இதனை வழுவென்றே கருதுவர். ஆயின் அவ்விளையாட்டை ஆக்கிய ஷிகெரு மியாமோட்டோ, அதற்குத் தாம் அறிந்தே இடங்கொடுத்ததாகப் பின்னாளில் கூறியுள்ளார். அதே விளையாட்டில் சுவரை ஊடுருவிச் சென்றால் அடையும் 'கழித்தல் உலகு' என்னும் முடிவற்ற நீர்க்கட்டமோ வழுவேயாம். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒரே வகையின, கருத்தில் வேறு. ஆக்கியோர் வாய்திறவாத ஆயிரம் இடங்களில் யாரைச் சென்று கேட்பது?

இரண்டாவது, ஆக்கியோன் கருத்து ஓரிடத்தில் நிற்பதன்று. 1978இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில், பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து நகர்வர். வரையவேண்டிய உருவங்கள் குறைந்தமையால் பொறி விரைந்து இயங்கியதன் விளைவே அது. ஆக்கியோராகிய டோமோஹிரோ நிஷிக்காடோ அதனைத் திருத்தாது விட்டார். அதுவே அவ்வாட்டத்தின் உயிர்நிலையாயிற்று. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்பதில் ஓரடிக்குப்பின் மற்றோரடியை இடையறாது தொடுக்கும் முறையும் கருதி அமைத்ததன்று. காரை நொறுக்கும் கட்டத்தைச் சோதிக்கும்போது கண்டறியப்பட்டு, கைக்கொள்ள அரிது என்று எண்ணி அப்படியே விடப்பட்டது. பின்னர் வந்த சண்டை விளையாட்டுகள் அனைத்துக்கும் அதுவே இலக்கணமாயிற்று. 1999இல் வந்த 'குவேக் 3' ஆட்டத்தில், சாய்ந்து தாண்டி வேகம் பெறும் முறையை நீக்க அதன் நிரலாசிரியர் ஜான் கார்மாக் முயன்றார். நீக்கினால் இயல்பான நடையே கெடுவதைக் கண்டு முயற்சியைக் கைவிட்டார். நேற்றைய வழு இன்றைய விதியாவதை இவை காட்டும்.

மூன்றாவது, இவ்வளவுகோல் மிகப் பரந்தது. 'டூம்' ஆட்டத்தில் முன்னோக்கி ஓடும் வேகம் 50 அலகு; பக்கவாட்டில் நகரும் வேகம் 40 அலகு. இரண்டையும் ஒருங்கே அழுத்தினால், செங்கோண முக்கோணத்தின் கர்ணம்போல் வேகம் 64 அலகாகிறது. இதற்கு வரம்பு வைக்க வேண்டும் என்று நிரலில் எழுதப்படவில்லை. எனினும் 'டூம்' ஓட்டக்காரருள் இதனை வழுவென்று விலக்குவாரைக் காண்டல் அரிது. கருதாதன யாவும் வழுவெனின், இதுவும் வழுவாதல் வேண்டும். ஒருவர் கண்டறியும் புதிய பாதை, புதிய உத்தி ஒவ்வொன்றும் வழுவாதல் வேண்டும். ஆக்கியோன் எண்ணியதை மட்டும் செய்வது ஆட்டமாகாது. அஃது ஏவல் கேட்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. சுவரில் கால் ஊன்றி மேலெழும்புதல் 1985ஆம் ஆண்டு மாரியோவில் வழு. கட்டத்தின் விளிம்பில் கால் பதியும் ஒரு படச்சட்டத்தில் பொறி அதனைத் தரையென்று கொள்வதால் நிகழ்வது. 1996ஆம் ஆண்டு மாரியோவில் அதுவே முறையாக அமைக்கப்பட்ட செயல். 1994இல் வந்த 'சூப்பர் மெட்ராய்ட்' ஆட்டத்திலோ சிறு விலங்குகள் அதனைச் செய்துகாட்டி ஆடுவோர்க்குக் கற்பிக்கின்றன. செயல் ஒன்றே, இடம் மாறத் தகுதி மாறுகிறது. எனவே வழு செயலில் இல்லை. செயலுக்கும் அவ்விடத்து மரபுக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

இலக்கண நூலார் காட்டும் நெறி

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் நம் இலக்கண மரபு நினைவுக்கு வருதல் இயல்பே. நம் இலக்கண நூலார் மொழியை, சரி, பிழை என்று இரண்டாக வெட்டி நிறுத்தினாரல்லர். வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகக் கண்டனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் வழு நிகழலாம் என நன்னூலார் வகுத்தார். அதே வேளையில், பசுவின் மீதுள்ள உவகையால் அதனைத் தாயென்று கூறி உயர்திணை வினை கொடுப்பதை வழுவென்று தள்ளாமல், காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளும் வழியையும் காட்டினர். 'இல்முன்' என வரவேண்டியது 'முன்றில்' என மாறி வழங்குவதை இலக்கணப்போலி எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர்.

இம்முப்பகுப்பு விரைவோட்டத்திற்கும் விளக்கம் தருகிறது. ஆக்கியோர் வகுத்த பாதையில் விரைந்தோடுவது வழாநிலை. சுவரை ஊடுருவுதல், நினைவிடத்தை ஏமாற்றுதல் முதலியன வழு. 'டூம்' ஆட்டத்தின் சாய்வோட்டம், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' அடித்தொடர் போன்றவை வழுவாய்ப் பிறந்தும் வழக்கினால் அமைதி பெற்றவை. இரண்டே கூறு கொண்டு ஆராய்வோர் இடர்ப்படுவதெல்லாம் இம்மூன்றாம் கூற்றை மறந்தமையாலேயே எனலாம்.

ஆயின் ஒப்புமையை அளவு கடந்து நீட்டலாகாது. வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனத் தொல்காப்பிய மரபு கூறும். விரைவோட்டத்தில் அவ்வுயர்ந்தோர் யாவர்? அவ்விளையாட்டை ஆழ்ந்து பயின்று ஓடுவோர் அவையே. மொழியைப் பேசுவோர் கோடிக்கணக்கினர். ஒரு விளையாட்டின் ஓட்டக்காரரோ சிலர். அவர்களே போட்டியாளர், அவர்களே நடுவர். தம் சாதனைக்கு ஏற்பக் கோட்டை வரையும் ஆசை அவர்களுக்கும் எழலாம். ஆதலின் வழக்கை மட்டும் நம்பியிருத்தல் போதாது. வழக்கை எழுதி வைத்தல் வேண்டும்.

பிரிவு வகுத்தலும் பெயரிடுதலும்

ஓட்டக்காரர் அவைகள் இதற்குக் கண்ட தீர்வு போற்றத்தக்கது. ஒரே விளையாட்டிற்குப் பல பிரிவுகளை வகுத்து, ஒவ்வொன்றிற்கும் தனி விதியும் தனிச் சாதனையும் வைத்தனர். 'சூப்பர் மாரியோ 64' இதற்குச் சிறந்த சான்று. அவ்விளையாட்டில் மொத்தம் 120 நட்சத்திரங்கள். 70 நட்சத்திரம் பெற்றாலன்றி இறுதிப் போருக்குரிய படிக்கட்டு முடிவதில்லை. பின்னோக்கிய தாண்டலும், 15 நட்சத்திரம் பெற்றபின் தோன்றும் முயலைக் கொண்டு கதவை ஊடுருவும் உத்தியும் சேர்ந்து, 16 நட்சத்திர ஓட்டத்தைத் தந்தன. பின்னர் முயலும் வேண்டாததாகி 1 நட்சத்திரம், 0 நட்சத்திரம் என ஓட்டங்கள் பிறந்தன. இவற்றுள் ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. பின்னோக்கிய தாண்டலை விலக்கிய 70 நட்சத்திர ஓட்டம் இன்றும் தன் மதிப்புடன் நிற்கிறது. 1997இல் ஜப்பானில் வெளிவந்த திருத்தப் பதிப்பில் நின்டெண்டோ அத்தாண்டலையே நீக்கியது. ஆக்கியோர் கருத்து அதனால் ஐயமின்றி வெளிப்பட்டது. எனினும் 0 நட்சத்திர ஓட்டக்காரர் முந்தைய பதிப்பையே கைக்கொள்கின்றனர்.

இம்முறையில் குறையும் ஒன்றுண்டு. அது பெயரிடுதலில் உள்ளது. 'வழுவற்ற ஓட்டம்' எனச் சில பிரிவுகளுக்குப் பெயர் சூட்டுகின்றனர். அப்பெயர், வழு என்பது யாவரும் ஒருபடித்தாய் அறிந்த ஒன்று எனப் பொய்யான உறுதி தருகிறது. 'சூப்பர் மெட்ராய்ட்' விளையாட்டில் 'பெருவழு விலக்கிய' பிரிவு உண்டு. அதில் ஓடும் வேகம் குன்றாமல் உருண்டையாகி, மூடும் கதவுகளின் கீழ் நுழையும் உத்தி ஏற்கப்படுகிறது. எல்லைக்கு வெளியே சென்று சுவர்களைக் கடத்தல் விலக்கப்படுகிறது. பெருவழுவுக்கும் சிறுவழுவுக்கும் இடையே இயற்கை இட்ட கோடு யாதும் இல்லை. அவ்வவையின் பட்டியலே அக்கோடு. பட்டியலைக் காணாமல் பெயரை மட்டும் கேட்டு ஒரு சாதனையை மதிப்பிடுவோன், பாட்டைப் படியாமல் தலைப்பை மட்டும் பார்த்துத் திறனாய்வு எழுதுவோனை ஒப்பான்.

வழு வேறு, வஞ்சம் வேறு

வழுவைக் கையாள்வோரை ஏமாற்றுக்காரர் எனப் பழிப்பாரும் உளர். இது பெருந்தவறு. 1980இல் வெளிவந்த 'டிராக்ஸ்டர்' என்னும் கார்ப் பந்தய விளையாட்டில், 1982இல் 5.51 விநாடி ஓடியதாக ஒரு சாதனை பதிவாயிற்று. பல ஆண்டுகளின் பின் நிரலை ஆராய்ந்தோர், அப்பொறியில் அடையத்தக்க சிறந்த நேரம் 5.57 விநாடியே என நிறுவினர். 2018இல் அச்சாதனை ஏடுகளிலிருந்து நீக்கப்பட்டது. வழுவோட்டக்காரர் பொறி இடங்கொடுப்பதைச் செய்தவர். இங்கு உரைக்கப்பட்டதோ பொறி இடங்கொடாத ஒன்று. 2020இல் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டில் தள்ளப்பட்ட ஓட்டங்களும் இவ்வகையினவே. அவற்றில் பொருள்கள் கிட்டிய வீதம் இயல்புக்கு மீறியதென நடுவர் கணித்துக் காட்டினர். நிரல் மாற்றப்பட்டிருந்தது 2021இல் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இவ்விரண்டிற்கும் இடையே நுண்ணிய இடங்கள் உள. 1990இல் வந்த 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' ஆட்டத்தில், கைப்பிடி அசைவுகளாலேயே நினைவிடத்தில் எண்களை அடுக்கி, அவற்றைப் பொறி ஆணைகளாகவே நிறைவேற்றும்படி செய்ய இயலும். 2014இல் ஒரு நற்பணி விழாவில் தானியங்கிக் கருவி ஒன்று அதற்குள்ளேயே வேறு விளையாட்டுகளை எழுதிக் காட்டியது. 2016இல் மனிதர் ஒருவர் கையாலேயே அத்தகைய செயலைச் செய்து முடித்தார். நுழைந்தது கைப்பிடி வழியே. ஆதலின் இது வழுவே, வஞ்சமன்று. 'டிராகன் குவெஸ்ட் 3' விளையாட்டிலோ, பொறியை வெப்பத்தட்டின் மீது வைத்துச் சூடேற்றி, தொடக்க நினைவிட நிலையை மாற்றி ஓடியோரும் உளர். இங்கே ஆட்டம் கைப்பிடியைக் கடந்து அடுப்புக்கே சென்றுவிட்டது. இதனையும் வெளிப்படையாக உரைத்து, தனியே கணக்கிட்டு ஓடினால் வஞ்சமென்று கூறுதற்கில்லை. மறைத்தலே வஞ்சத்தின் இலக்கணம். விந்தையான செயல் அன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. வழு எது என்பதைப் பொறி உரையாது. அதற்கு எல்லாம் இயல்பே. ஆக்கியோனும் முடிய உரையான். அவன் கருத்து அறிதற்கு அரியது, மாறுவது, போதாதது. ஆடுவோர் அவையே அதனை வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறை மூன்று பண்புகளைக் கொண்டிருத்தல் தகும். விலக்கப்பட்டவை பெயர் பெயராக எழுதப்பட வேண்டும். ஓட்டத்திற்கு முன்னரே அவை அறிவிக்கப்பட வேண்டும். புதிய கண்டுபிடிப்பு வருங்கால் பழைய சாதனையைப் பழிக்காமல் புதிய பிரிவு வகுக்கப்பட வேண்டும்.

இலக்கணத்தை அச்சுறுத்தும் கோலாக மட்டுமே காணும் மாணவர்க்கு இக்களம் நல்ல பாடமாகும். விதி எழுதப்பட்டது வழக்கை நசுக்குதற்கு அன்று. இருவர் செய்த செயலை ஒரே தட்டில் வைத்து நிறுத்தற்கே. 16 நட்சத்திர ஓட்டக்காரரும் 70 நட்சத்திர ஓட்டக்காரரும் தத்தம் பிரிவில் முதல்வராய் விளங்க முடிவது, கோடு எங்கே வரையப்பட்டது என்பது இருவர்க்கும் முன்னரே தெரிந்திருப்பதால்தான். மாணவன் எழுதிய தொடரில் சிவப்புக் கோடு இடுமுன், அது வழுவா, வழுவமைதியா என ஒருகணம் நின்று நோக்கும் ஆசிரியரும், அக்கோடு ஏன் இடப்பட்டது எனக் கேட்டறியும் மாணவரும் இந்நெறியையே பின்பற்றுவோராவர்.